தவாவும் துஆவும்

உடலுக்கு நோய் வந்தால் உற்றாரும் உறவினரும் பழமும் ரொட்டியுமாக வந்து நலம் விசாரிக்கின்றனர். மனத்துக்கு நோய் வந்தால் வீட்டார் கதவைச் சாத்திக் கொள்கின்றனர். சர்க்கரை நோய்க்கு மாத்திரை உண்பதைச் சபையில் சொல்லத் தயங்காத ஒருவர், மகளுக்கு மனநல மாத்திரை கொடுப்பதை உடன்பிறந்த சகோதரியிடம் கூடச் சொல்வதில்லை. இப்படி மறைப்பதனால் நோய் தணிந்துவிடுவதில்லை. சிகிச்சைதான் தள்ளிப் போகிறது. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் தமிழகம் உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, வயது வந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதேனும் ஒரு மனநலக் குறையுடன் வாழ்வதாகக் கண்டது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் சிகிச்சை பெறாதவர்கள் என்பதையும் அதே ஆய்வு தெரிவித்தது. இதைப் படிக்கும் நம் தெருவிலும் அப்படி ஒரு வீடு இருக்கக்கூடும்.

காவிரியின் இரு கரைகளிலும்

ஸ்ரீரங்கத்தில் ஓர் இளைஞன் உறக்கமின்றித் தனக்குத்தானே பேசத் தொடங்கினால், குடும்பத்தார் நெஞ்சில் முதலில் தோன்றுவது குணசீலம். காவிரியின் வடகரையில், முக்கொம்புக்கு அப்பால் உள்ள அந்தப் பெருமாள் கோயிலில் 48 நாள்கள் தங்கினால் சித்தம் தெளியும் என்பது பரம்பரை நம்பிக்கை. ஆற்றுக்குத் தெற்கே பாலக்கரையில் ஒரு முஸ்லிம் வீட்டில் அதே நிலை ஏற்பட்டால், முதலில் தண்ணீர் ஓதித் தருபவரைத் தேடுகின்றனர். அடுத்து நத்தர்ஷா பள்ளியில் அடங்கியிருக்கும் நத்தர்வலி தர்காவுக்குச் செல்கின்றனர். அதன் பின்னும் அமைதி வரவில்லையெனில் ஏர்வாடிக்குப் பயணம் புறப்படுகின்றனர். செல்லும் இடம் வேறு. தாயின் கண்ணீர் ஒன்றே.

இத்தகைய இடங்களில் கிடைக்கும் ஆறுதலைப் பொய்யென்று ஒதுக்கிவிட முடியாது. தமிழகத்துச் சிற்றூர்க் கோயில் ஒன்றில் சில வாரங்கள் தங்கிய 31 மனநோயாளிகளை மனநல மருத்துவர்கள் ஆராய்ந்து, 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினர். நோயின் அறிகுறிகள் ஏறத்தாழ 20 விழுக்காடு தணிந்திருந்தன. அச்சுறுத்தல் இல்லாத, அன்பான தங்குமிடமே அதற்குக் காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. அன்பே மருந்தாகும் என்பதற்கு இது சான்று. ஆனால் அன்பு அகன்று அங்கே சங்கிலி வந்துவிட்டால் என்ன நேரும் என்பதற்கும் நம் மாநிலத்திலேயே சான்று இருக்கிறது.

ஏர்வாடி, 6 ஆகஸ்ட் 2001

அன்று அதிகாலையில், ஏர்வாடி தர்காவுக்கு அருகே தனியார் ஒருவர் நடத்தி வந்த மனநலக் காப்பகத்தின் கூரைக் கொட்டகை தீப்பற்றியது. உள்ளே இருந்தோர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். ஓடித் தப்ப அவர்களுக்குக் கால்கள் இருந்தன. ஆனால் கட்டவிழ்ப்பார் இல்லை. 25 பேர் அங்கேயே மாண்டனர்; மற்றவர்களையும் சேர்த்து இறந்தோர் தொகை 28 ஆயிற்று. சில நாள்களில் அவ்வூரில் இருந்த அத்தகைய காப்பகங்கள் யாவும் மூடப்பட்டன. அங்கிருந்த 500க்கும் மேற்பட்டோர் அரசின் பராமரிப்புக்குக் கொண்டுவரப்பட்டனர். உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து இதை வழக்காக எடுத்துக் கொண்டது.

இறந்தவர்களுள் பல சமயத்தவரும் இருந்தனர். அவர்களைக் கொண்டுவந்து விட்ட குடும்பத்தார் எல்லோரும் கல்நெஞ்சர்கள் அல்லர். என்ன செய்வதென்று தெரியாமல், எங்கே செல்வதென்று தெரியாமல், இறைவன் பெயரால் ஓர் இடத்தில் விட்டுச் சென்றவர்கள் அவர்களிலே பலர். 2018இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. எனினும் சட்டம் எட்டாத பின்கட்டு அறைகளும் நம் ஊர்களில் இல்லாமலில்லை.

மார்க்கம் காட்டும் வழி

ஜின் எனும் படைப்பு உண்டு என்பது நம் நம்பிக்கை. அதனை மறுப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆனால் ஒவ்வொரு பிதற்றலுக்கும், ஒவ்வொரு உறக்கமின்மைக்கும் ஜின்னையும் சூனியத்தையும் காரணமாக்க வேண்டுமென்று மார்க்கம் எங்கும் கற்பிக்கவில்லை. மதரஸாவில் ஓதிக் கொடுக்கும் என் போன்றோரிடம் தண்ணீர் ஓதி வாங்கப் பலர் வருகின்றனர். அவர்களிடம் நான் தவறாது கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "மருத்துவரிடம் காட்டினீர்களா? மாத்திரை நடந்து கொண்டிருக்கிறதா?"

நோயை இறக்கிய இறைவன் அதற்குரிய நிவாரணத்தையும் இறக்கியிருக்கிறான், ஆகவே மருத்துவம் செய்து கொள்ளுங்கள் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தி ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளது. சித்தம் பேதலித்தவருக்கு அது தெளியும்வரை தொழுகையும் நோன்பும் கடமையில்லை என்பது ஷரீஅத்தின் சட்டம். அவர் பாவி என்றோ, ஷைத்தானின் தோழர் என்றோ ஷரீஅத் கூறவில்லை. நோயாளி என்றே கொள்கிறது. தம் பொருளைத் தாமே காத்துக்கொள்ள இயலாதோரின் பொறுப்பாளர்கள், அவர்களுக்கு உணவும் உடையும் அளித்து, இனிய சொல்லும் சொல்ல வேண்டுமென்பது சூரத்துன்னிஸா தரும் போதனை. சோறு போட்டால் மட்டும் போதாது, சொல்லும் இனிமையாக இருக்க வேண்டும் என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

முன்னோர்கள் இதைச் செயலிலும் காட்டினர். ஹிஜ்ரி 322இல், கி.பி. 934இல், மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ என்னும் அறிஞர் உடல்நலத்துக்கும் மனநலத்துக்குமாக ஒரே நூலை எழுதினார். காரணம் தெரிந்த துயரத்தையும், காரணம் தெரியாமலே வந்து கவியும் துயரத்தையும் அவர் அப்போதே வேறுபடுத்திக் கண்டார். 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் நிறுவிய மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கெனத் தனிப் பகுதி இருந்தது. 1354இல் அலெப்போ நகரில் எழுந்த மருத்துவமனையின் முற்றங்களில் நீரூற்றுகள் அமைக்கப்பட்டிருந்தன. இன்றும் அக்கட்டடத்தைக் காண்போர், ஓடும் நீரின் ஓசையால் மனம் அடங்கும் என்று கருதியவர்களின் கனிவை உணரலாம்.

மூளை எனும் அமானிதம்

வளர்ந்த மனிதனின் மூளை ஏறத்தாழ 1,400 கிராம் எடையுடையது. உடல் எடையில் அது 50இல் ஒரு பங்கு மட்டுமே. ஆனால் உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக் கொள்கிறது. அதனுள் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. ஓர் அணுவுக்கும் அடுத்ததற்கும் இடையே கண்ணுக்குப் புலப்படாத சிறு இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியைக் கடந்து செய்தி கொண்டு செல்பவை டோபமின், செரட்டோனின், நார்அட்ரினலின் போன்ற வேதிப்பொருள்கள். தபால்காரர் ஒரு வீட்டுக் கடிதத்தை மற்றொரு வீட்டில் சேர்ப்பது போல், இவை செய்தியை ஓர் அணுவிலிருந்து மற்றோர் அணுவுக்குச் சேர்க்கின்றன.

இந்தத் தபால் ஒழுங்கு குலையும்போது, யாரும் பேசாதபோதே குரல் கேட்கிறது; தெருவில் இருவர் சிரித்தால் தன்னைப் பற்றியே சிரிப்பதாகத் தோன்றுகிறது. மனச்சிதைவு நோயில், மூளையின் சில பகுதிகளில் டோபமினின் செயல் மிகுந்துவிடுவதாக ஆய்வாளர்கள் கண்டுள்ளனர். ஆயினும் மனநோய் அனைத்தையும் ஒரு வேதிப்பொருளின் ஏற்றத்தாழ்வு என்று சுருக்கிவிட முடியாது. பரம்பரைக் கூறு, பிள்ளைப் பருவத் துயரம், போதைப் பழக்கம், இழப்பு, வறுமை, தனிமை ஆகிய பலவும் அதில் பின்னிக் கிடக்கின்றன. எனவேதான் மாத்திரையும் தேவைப்படுகிறது, மனிதரின் துணையும் தேவைப்படுகிறது.

மருந்து வந்த வழி

மனநல மருந்துகள் யாவும் மேல்நாட்டுச் சரக்கு என்று எண்ணுவோர் உண்டு. உண்மையில் இதன் தொடக்கக் கதையில் நம் நாட்டு மூலிகை ஒன்றுக்குப் பெரும் பங்குண்டு. சர்ப்பகந்தி எனும் செடியின் வேர், வட நாட்டில் "பாகல் கீ தவா", அதாவது பித்தருக்கான மருந்து, என்றே வழங்கப்பட்டது. 1931இல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகியோர் அதன் பயனை மருத்துவ உலகுக்கு எழுதிக் காட்டினர். அதே காலத்தில் தில்லியில் ஆராய்ச்சி செய்து வந்த ஸலீமுஸ்ஸமான் சித்தீகீ அவ்வேரிலிருந்து சில காரப்பொருள்களைப் பிரித்தெடுத்தார். அவற்றுள் ஒன்றுக்குத் தம்மை ஆதரித்த ஹகீம் அஜ்மல் கானின் பெயரால் "அஜ்மலின்" எனப் பெயரிட்டார். 1952இல் அதே வேரிலிருந்து பிரிக்கப்பட்ட ரெசர்பின் சில ஆண்டுகள் உலகெங்கும் மனநோய்க்கு வழங்கப்பட்டது. அதைவிடப் பயன் மிக்கவை வந்த பின்னர் அது பின்தங்கியது.

1949இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், லித்தியம் எனும் உப்பு மிகையெழுச்சி நோயைத் தணிப்பதைக் கண்டார். 1952இல் பாரிஸ் நகரில் குளோர்புரோமசின் மனநோயாளிகளுக்கு முதன்முதல் வழங்கப்பட்டது. அதுவரை ஆயுள் முழுதும் மதில்களுக்குள் அடைபட்டுக் கிடந்தோரில் பலர், அதன் பின்னர் வீடு திரும்பத் தொடங்கினர்.

இம்மருந்துகளைப் பற்றிக் குடும்பத்தார் அறிய வேண்டியவை சில உண்டு. மனச்சோர்வுக்கான மாத்திரை இரண்டு முதல் நான்கு வாரங்கள், சிலருக்கு அதற்கும் மேல் சென்ற பின்னரே பயன் காட்டும். முதல் வாரத்தில் பலன் இல்லையென்று எறிந்துவிடக் கூடாது. மனச்சிதைவுக்கான மருந்துகளால் சிலருக்கு உடல் இறுக்கம், கை நடுக்கம், தூக்கம், எடை கூடுதல் ஆகியன உண்டாகும். இதை மருத்துவரிடம் சொன்னால் அளவை மாற்றுவார். அல்லது வேறு மருந்து தருவார். கடும் காய்ச்சலும் உடல் விறைப்பும் சேர்ந்து வந்தால் மட்டும் ஒரு நாளும் காத்திராமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். குளோசபின் உண்போர் இரத்தப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. டயசிபாம், லோராசிபாம் போன்ற தூக்க மாத்திரைகள் பழக்கமாகிவிடக் கூடியவை. அவற்றை நாமாகக் கூட்டவும் கூடாது, திடீரென நிறுத்தவும் கூடாது. கருவுற்ற பெண்ணும், கருவுறக்கூடிய பெண்ணும் வால்புரோயேட் போன்ற மருந்தைப் பற்றி முன்னதாகவே மருத்துவரிடம் பேசியாக வேண்டும். அது வயிற்றுப் பிள்ளைக்குத் தீங்கு செய்யக்கூடியது.

இவை எல்லாவற்றினும் பெரிய ஆபத்து வேறொன்று. நோயாளி தெளிகிறார், நன்றாக உண்கிறார், உறங்குகிறார். அவ்வேளையில், "இனி மருந்து எதற்கு? தாயத்து கட்டினோம், சரியாகிவிட்டது" என்று மாத்திரை நிறுத்தப்படுகிறது. சில வாரங்களோ மாதங்களோ அமைதியாகச் செல்கின்றன. பிறகு நோய் முன்னிலும் கடுமையாகத் திரும்புகிறது. நோய் திரும்புவதற்கு மிக முதன்மையான காரணங்களில் ஒன்று இப்படி மருந்தை நிறுத்துவதே. ஓதுவதனால் எக்கேடும் இல்லை. ஓதுவதைக் காரணங்காட்டி மருந்தை நிறுத்துவதில்தான் கேடு. எவ்வளவு காலம் மருந்து வேண்டும் என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

கட்டவிழ்த்த கைகள்

பிரெஞ்சு நாட்டில் மனநோயாளிகளின் சங்கிலியை அகற்றியவர் பினெல் எனும் மருத்துவர் என்று பல நூல்களில் காணலாம். ஆனால் பாரிஸின் பிசேத்ர் மருத்துவமனையில் 1797இல் முதலில் சங்கிலிகளை அகற்றியவர், அங்கே கண்காணிப்பாளராக இருந்த பூசேன் என்பவர். தோல் பதனிடும் தொழிலாளியான அவர் அங்கே நோயாளியாக வந்து குணமடைந்தவர். மருத்துவப் பட்டம் இல்லாதவர். நோயாளிகளோடு இரவும் பகலும் இருந்தவருக்கே அவர்கள் மனிதர்கள் என்பது முதலில் தெரிந்தது.

செவிலியத்தின் மேன்மை இதில் அடங்கியிருக்கிறது. அகழ்ப்போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களுக்கு மஸ்ஜிதுந்நபவியில் கூடாரமிட்டுப் பணிவிடை செய்த ருஃபைதா (ரலி) அவர்களை இங்கு நினைவுகூர வேண்டும். பள்ளிவாசலின் வளாகமே நோயாளியின் இடமாயிற்று எனில், நம் மஹல்லாக்களில் மனநோயாளிக்கு இடமில்லை என்று எப்படிச் சொல்ல முடியும்?

நம் நாட்டில் மனநோயாளிக்குப் பெரும்பாலும் செவிலியர் யார்? தாயும் மனைவியும் சகோதரியுமே. அவர்கள் கவனிக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

மாத்திரையை நோயாளியின் கையில் கொடுத்து, அவர் விழுங்கும்வரை அருகிருங்கள். மாத்திரைப் பட்டைகளையும் பூச்சி மருந்தையும் பூட்டி வையுங்கள். தனக்குக் குரல் கேட்கிறது என்று அவர் சொன்னால் "பொய்" என்று சண்டையிட வேண்டாம்; "ஆம், எனக்கும் கேட்கிறது" என்று ஒத்துப் பேசவும் வேண்டாம். "உங்களுக்குக் கேட்கிறது, அதனால் பயமாக இருக்கிறது, நான் பக்கத்தில் இருக்கிறேன்" என்று சொன்னால் போதும். உறக்கம் குறைதல், குளிக்க மறுத்தல், காரணமின்றி ஐயப்படுதல் ஆகியவை நோய் திரும்புவதற்கான முன்னறிவிப்புகள். அவற்றைக் குறித்து வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். "செத்துவிடலாம் போலிருக்கிறது" என்று ஒருவர் சொன்னால் அதை வேடிக்கையாகக் கொள்ளாதீர்கள், வெளிப்படையாகக் கேளுங்கள். கேட்பதனால் அந்த எண்ணம் புதிதாக உண்டாகிவிடாது, பாரம் இறங்கும். அவரைத் தனியே விடாமல் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

இங்கிலாந்தில் ஜார்ஜ் பிரவுன் எனும் ஆய்வாளர், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியோரை 1950களின் பிற்பகுதியிலிருந்து ஆராய்ந்தார். இடைவிடாது குறை கூறும் வீடுகளுக்குத் திரும்பியவர்களுக்கு நோய் மீண்டும் மீண்டும் வந்தது. பின்னர் 1980களில் சண்டிகரில் நடந்த ஆய்வு, இந்தியக் குடும்பங்களில் அத்தகைய குறை கூறல் இலண்டனைவிடக் குறைவு என்று காட்டியது. நம் கூட்டுக் குடும்பங்களில் எஞ்சியிருக்கும் பொறுமை, மருந்துக்கு நிகரான செல்வம். அதை இழந்துவிடக் கூடாது. அதே வேளையில், எல்லாப் பாரத்தையும் ஒரே பெண்ணின் தலையில் சுமத்துவதும் அநீதி. மகன்மாரும் மருமகன்மாரும் முறை வைத்துக்கொண்டு பங்கேற்க வேண்டும். "கல்யாணம் முடித்தால் சரியாகிவிடும்" என்று நோயை மறைத்து நிகாஹ் செய்து வைப்பது, இரு குடும்பங்களுக்கும் இழைக்கும் துரோகம்.

ரமளான் வரும் முன்னர்

நோன்பு மாதத்தில் பகல் வேளை மாத்திரையை நாமாக விட்டுவிடுவதும், இரவில் இரண்டாகச் சேர்த்து விழுங்குவதும் நடக்கின்றன. இரண்டுமே ஆபத்தானவை. குறிப்பாக லித்தியம் உண்போர் கவனிக்க வேண்டும். திருச்சியின் வெயிலில் தண்ணீரின்றி இருந்தால் உடல் நீர் வற்றி, இரத்தத்தில் லித்தியத்தின் அளவு ஏறிவிடக் கூடும். வாந்தி, வயிற்றுப்போக்கு, மிகுந்த நடுக்கம், நடையில் தள்ளாட்டம், பேச்சில் குழறல் ஆகியன தோன்றினால் நோன்பை முறித்து, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வலி மாத்திரைகள் சிலவும் அந்த அளவை ஏற்றிவிடும். இருதுருவ நோய் உள்ளவருக்கு இரவு விழிப்பே நோயைக் கிளறிவிடலாம்.

ஆகவே ஷஅபான் மாதத்திலேயே மருத்துவரைக் காணுங்கள். இஃப்தாருக்கும் ஸஹருக்குமாக நேரத்தை மாற்ற முடியுமா, நோன்பு நோற்பது தகுமா என்று கேளுங்கள். தகாது என்று அவர் கூறினால் மனம் வருந்த வேண்டாம். நோயாளிக்குச் சலுகை அளித்தவன் அல்லாஹ்வே. அவன் தந்த சலுகையை ஏற்பதும் கீழ்ப்படிதலே ஆகும்.

அருகில் இருக்கும் உதவி

மாவட்ட மனநலத் திட்டம் 1996-97இல் நாட்டின் நான்கு மாவட்டங்களில் முதன்முதலாகத் தொடங்கப்பட்டபோது, தமிழகத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டது நம் திருச்சி மாவட்டமே. மனநோய்க்குச் சென்னைக் கீழ்ப்பாக்கம்தான் கதி என்ற நிலையை மாற்றி, ஊருக்கருகிலேயே மருந்து தருவது அதன் நோக்கம். இன்று அது மாநிலம் முழுதும் பரவியுள்ளது. புத்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு; மருந்துக்குக் கட்டணமில்லை. 14416 எனும் எண்ணில் 2022 முதல் இயங்கும் "டெலி மானஸ்" தொலைபேசிச் சேவையில் எந்நேரமும் தமிழிலேயே இலவசமாக ஆலோசனை பெறலாம்.

குஜராத்தின் உனாவா ஊரிலுள்ள மீரா தாதார் தர்காவில், முஜாவர்களும் மனநல மருத்துவர்களும் கைகோத்தனர். துஆவுக்கு வந்தவர்களை முஜாவர்களே மருத்துவரிடம் அனுப்பி வைத்தனர். "தவாவும் துஆவும்" என வழங்கும் அம்முறை பின்னாளில் ஏர்வாடி தர்காவிலும் அரசின் துணையுடன் நடைமுறைக்கு வந்தது. இருபத்தெட்டு உயிர்கள் கருகிய ஊரில், துஆ கேட்டு வருபவரின் கையில் மாத்திரையும் கொடுக்கப்படுகிறது. குணசீலத்திலும் கோயிலையொட்டி அரசு உரிமம் பெற்ற மறுவாழ்வு மையம் இயங்குகிறது.

நம் ஜமாஅத்துகளும் இவ்வழியில் ஓரடி எடுத்து வைக்கலாம். ஆண்டுக்கொரு முறை கண் சிகிச்சை முகாம் நடத்தும் பள்ளிவாசல், ஒரு மனநல முகாமும் நடத்தலாம். மாதந்தோறும் மருத்துவமனை சென்றுவரப் பேருந்துக் கட்டணத்துக்கு வழியற்ற குடும்பத்துக்கு பைத்துல் மாலிலிருந்து உதவலாம். ஓதிப் பார்க்கும் ஆலிம்கள், மாத்திரையை நிறுத்தக் கூடாது என்ற ஒரு சொல்லையும் சேர்த்துச் சொன்னால் எத்தனையோ குடும்பங்கள் பிழைக்கும். ஜும்ஆ உரையில் ஒரு முறையேனும் இதைப் பற்றிப் பேசினால், தாழிட்ட கதவுகள் சில திறக்கும்.

அறிவை அருளியவன் அல்லாஹ். அது தளர்ந்தபோது தாங்கிப் பிடிக்கும் கைகளை நமக்குத் தந்தவனும் அவனே. நோயுற்றோர் அனைவருக்கும் அவன் பூரண ஷிஃபாவை வழங்குவானாக! அவர்களைப் பேணி வருவோரின் பொறுமைக்கு நிறைந்த கூலியை அளிப்பானாக! ஆமீன்.